கொப்பளிக்கும் கோட்டைக் கடல்... இஸ்கியா தீவில் இப்போதே பார்க்கலாம் 2100-ஐ!

இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கோடைக்காலம் முழுக்கத் திருவிழாக் கூட்டம்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வரிசையில் நிற்பவர்களில் பலரும் காப்ரி தீவுக்கு டிக்கெட் கேட்பவர்கள். சினிமா நட்சத்திரங்களும் கோடீஸ்வரர்களும் வந்துபோகும் தீவு என்று காப்ரிக்கு உலகம் முழுக்கப் பெயர். அதே வளைகுடாவில், காப்ரியைவிடப் பல மடங்கு பெரிதாக இன்னொரு தீவு இருக்கிறது. அதன் பெயர் இஸ்கியா.

விரைவுப் படகில் போனால் சுமார் ஒரு மணி நேரம். கார், லாரியெல்லாம் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலில் ஒன்றரை மணி நேரம். இத்தாலியர்கள் இஸ்கியாவுக்கு வருவது வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நல்லது என்று ரோமானியர்கள் காலத்திலிருந்தே வருகிறார்கள். ஆனால், கடந்த 20 ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் இந்தத் தீவைத் தேடி வருகிறது. கையில் கண்ணாடிக் குடுவைகளும் அளவுமானிகளுமாக வரும் கடல் விஞ்ஞானிகள் அவர்கள்.

இந்த நூற்றாண்டின் முடிவில் உலகத்துக் கடல்கள் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு, இஸ்கியாவில் ஒரு பழைய கோட்டையின் காலடியில் பதில் இருக்கிறது. அதை நீந்திப் போய்ப் பார்க்கலாம்.

எரிமலை மேல் ஒரு ஊர்

இஸ்கியா ஓர் எரிமலைத் தீவு. இங்கே கடைசியாக எரிமலை வெடித்தது 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதன்பிறகு நெருப்பு அடங்கினாலும், சூடு அடங்கவில்லை. தீவு முழுக்க நிலத்தின் பிளவுகளிலிருந்து ஆவி கிளம்புகிறது. சில கடற்கரைகளில் மணலே சுடுகிறது. நடுவில் எப்போமேயோ மலை கிட்டத்தட்ட 790 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், எலுமிச்சை மரங்கள்.

படகு வந்து நிற்கும் துறைமுகமே ஒரு எரிமலை வாய்தான். முன்பு அது ஓர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த கரையை வெட்டித் திறந்து, 1854-ல் அதைத் துறைமுகமாக மாற்றினார் அப்போதைய நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். அதனால்தான் இந்தத் துறைமுகம் தட்டுபோல வட்டமாக இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் இஸ்கியா போன்தே என்ற பழைய மீனவர் குடியிருப்பு. 'போன்தே' என்றால் பாலம். மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று வண்ணம் பூசிய வீடுகள், மீன் வலைகள், குறுகலான தெருக்கள். 1999-ல் வந்த 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தெருக்கள் பழகியவையாக இருக்கும்; அதன் சில காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன.

தெரு முடியும் இடத்தில் கல் பாலம். சுமார் 220 மீட்டர் நீளம். அதன் மறுமுனையில், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஒரு பெரிய பாறை. அதன் தலையில் அரகோன் கோட்டை.

13 தேவாலயங்கள், கல் நாற்காலிகள்

கி.மு. 474-ல் இந்தப் பாறையில் முதல் அரணைக் கட்டியவர், சிசிலித் தீவின் சிராகுஸ் நகரை ஆண்ட கிரேக்க அரசர் ஹியரோன். பிறகு ரோமானியர்கள், நார்மன்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் இதைப் பிடித்தார்கள். இன்று நாம் பார்க்கும் கோட்டைக்கு உருவம் கொடுத்தவர் அரகோன் வம்சத்து மன்னர் அல்ஃபோன்ஸோ. 1441-ல் தீவையும் பாறையையும் கல் பாலத்தால் இணைத்ததும், பாறையைக் குடைந்து மேலே போக வழி அமைத்ததும் அவர்தான்.

கடற்கொள்ளையர்கள் வந்தால் ஊர்மக்கள் எல்லோரும் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் ஓடிவிடுவார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஒற்றைப் பாறையின் மேல் 1,892 குடும்பங்கள் வாழ்ந்தன. கூடவே 13 தேவாலயங்கள், ஒரு கன்னியர் மடம், ஒரு பிஷப், ஒரு காவல் படை. மைக்கலாஞ்சலோவின் தோழியாகப் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் விட்டோரியா கொலோன்னாவின் திருமணம் 1509-ல் இங்கே நடந்தது.

கன்னியர் மடத்தின் அடியில் இருக்கும் நிலவறை, பார்ப்பவர்களைச் சற்று நடுங்கவைக்கும். சுவரோரம் கல்லில் செதுக்கிய நாற்காலிகள். இறந்துபோன கன்னியரின் உடலைப் புதைக்காமல் இந்த நாற்காலிகளில் உட்காரவைத்துவிடுவார்கள். சதை கரைந்த பிறகு எலும்புகளைத் தனியே எடுத்துச் சேர்த்து வைப்பார்கள். மற்ற கன்னியர் தினமும் இங்கே வந்து பிரார்த்தனை செய்வார்கள். உடல் நிலையற்றது என்பதை மறக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

1809-ல் ஆங்கிலேயரின் பீரங்கிகள் கோட்டையை நொறுக்கின. பிறகு சிறைச்சாலையாக இருந்து, 1912-ல் ஏலத்தில் தனியார் கைக்குப் போனது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போகலாம். ஏற முடியாதவர்களுக்குப் பாறைக்குள்ளேயே லிஃப்ட் உண்டு.

உச்சியில் நின்று கீழே பார்த்தால் நீலமும் பச்சையுமாகக் கடல். காற்றில்லாத நாளில், பாறையின் ஓரத்தில் தண்ணீர் லேசாகக் கொதிப்பதுபோலத் தெரியும். அதுதான் விஞ்ஞானிகள் தேடி வரும் இடம்.

கொதிக்காமல் கொப்பளிக்கும் தண்ணீர்

பாறையின் தெற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் கடலடித் தரையிலிருந்து குமிழிகள் கிளம்பி வந்துகொண்டே இருக்கின்றன. ஆழம் ஐந்து மீட்டருக்கு மேல் இல்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மிதந்தாலே போதும். மணிச்சரம் போல ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழிகள் மேலே ஏறுவதைப் பார்க்கலாம். தெற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 14 லட்சம் லிட்டர் வாயு வெளியேறுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எரிமலைப் பகுதிகளில் கடலுக்கடியிலிருந்து வாயு வருவது உலகத்தில் பல இடங்களில் நடப்பதுதான். ஆனால், பெரும்பாலும் அந்த வாயுவோடு சூடும் கந்தகமும் சேர்ந்து வரும். அங்கே ஓர் உயிரினம் செத்தால் சூட்டால் செத்ததா, விஷத்தால் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இஸ்கியா கோட்டையடி வாயு அப்படியல்ல. கந்தகம் கிடையாது. தண்ணீரின் வெப்பமும் சுற்றியுள்ள கடலின் வெப்பம்தான். வெளியேறும் வாயுவில் 90 முதல் 95 சதவிகிதம் கார்பன் டை ஆக்சைடு.

காரின் புகைக்குழாயிலிருந்தும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்தும் வெளியேறிக் காற்றில் கலக்கிறதே, அதே வாயு. உலகம் முழுக்கக் காற்று வழியாகக் கடலுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பதை, இங்கே எரிமலை நேரடியாகக் கடலுக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது.

சோடா பாட்டிலும் முட்டை ஓடும்

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் என்ன ஆகும்? கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும். நாக்கில் சுருக்கென்று ஏறுவது கார்போனிக் அமிலம். அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் இந்த வாயுவைக் கரைத்தால் அதுதான் சோடா.

மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் ஒவ்வொரு 10 லட்சம் பங்கிலும் 280 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் வாங்கிக்கொள்வதால்தான் பூமி இன்னும் மோசமாகச் சூடாகாமல் இருக்கிறது. அதற்குக் கடல் கொடுக்கும் விலைதான் அமிலமயமாதல்.

அமிலத் தன்மையை அளக்க 'பிஹெச்' என்ற அளவு இருக்கிறது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம்; மேலே போனால் காரம். கடல் நீர் இயல்பிலேயே காரத்தன்மை கொண்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு அதன் சராசரி பிஹெச் சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. 'ஒரு புள்ளிதானே' என்று தோன்றும். ஆனால், இந்த அளவில் ஒரு முழு எண் இறங்கினால் அமிலத் தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். 0.1 இறங்கினாலே கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மனித ரத்தத்தின் பிஹெச் 7.35-லிருந்து 7.45-க்குள் இருக்க வேண்டும். அதில் 0.2 குறைந்தால் ஐ.சி.யூ-வில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடல் நீர் எலுமிச்சைச் சாறாகவோ வினிகராகவோ ஆகிவிடப் போவதில்லை. நூற்றாண்டின் முடிவிலும் அது 7-க்கு மேலேதான் இருக்கும். குளிப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பிரச்னை, ஓடு கட்டி வாழும் உயிர்களுக்குத்தான்.

சிப்பி, சங்கு, நத்தை, பவளம், கடல் முள்ளெலி எல்லாம் தங்கள் வீட்டைக் கால்சியம் கார்பனேட்டில் கட்டுகின்றன. வெற்றிலைக்குத் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பை எடுப்பது இந்த ஓடுகளைச் சுட்டுத்தான். ஓடு கட்ட வேண்டிய கால்சியமும் கார்பனேட்டும் கடல் நீரிலேயே கரைந்திருக்கின்றன. அமிலத் தன்மை கூடும்போது, அதில் வரும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. வீடு கட்டக் கிளம்பியவருக்குச் செங்கல் தட்டுப்பாடு வந்ததுபோலத்தான். கட்டவே முடியாது என்றில்லை. அதிக உழைப்பும் அதிக உணவும் தேவைப்படும். அமிலம் இன்னும் கூடினால், கட்டி முடித்த சுவரே கரைய ஆரம்பிக்கும். முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சில நூறு மீட்டரில் ஒரு நூற்றாண்டு

பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் ஹால்-ஸ்பென்சர், இத்தாலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து கோட்டையடிக் கடலை ஆராய்ந்தார். இத்தாலியர்களுக்கு இங்கே சொந்த இடமே உண்டு. 1872-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஆன்டன் டோர்ன் நேப்பிள்ஸில் தொடங்கிய கடல் உயிரியல் நிலையம் இன்றும் நடக்கிறது. டோர்ன் குடும்பத்தின் கோடைக்கால வீடாக இருந்த, இஸ்கியா துறைமுகத்துக்கு மேலே குன்றில் நிற்கும் மாளிகைதான் அதன் கிளை. இந்தக் குழுவின் ஆய்வு 2008-ல் 'நேச்சர்' இதழில் வெளியானபோது, கடல் விஞ்ஞானிகளின் பார்வை இஸ்கியா பக்கம் திரும்பியது.

அதுவரை அமிலமயமாதல் பற்றிய சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத் தொட்டிகளில் நடந்தவை. ஒரு தொட்டி, ஓர் உயிரினம், சில வாரங்கள். இஸ்கியாவில் இயற்கையே ஒரு முழுக் கடற்கரையைத் தொட்டியாக வைத்திருந்தது.

குமிழிகள் இல்லாத இடத்தில் தண்ணீரில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அங்கே பிஹெச் 8.1. இன்றைய சராசரிக் கடல். பாறைகளில் ரோஸ் நிறச் சுண்ணாம்புப் பாசி வண்ணம் பூசியதுபோலப் படர்ந்திருக்கும். இடுக்குகளில் கறுப்பு முட்களோடு கடல் முள்ளெலிகள். பாறையில் சொரசொரவென்று ஒட்டியிருக்கும் கொட்டலசுகள், கவிழ்த்த தொப்பி போன்ற ஓட்டு நத்தைகள், சின்னப் பவளங்கள், வண்ணக் கடற்பஞ்சுகள். ஒரு கை அளவு இடம்கூடக் காலியாக இருக்காது.

கோட்டையை நோக்கி நீந்த நீந்த, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழிகள் தெரியத் தொடங்கும். பிஹெச் 7.8 அளவுக்கு இறங்குகிறது. கார்பன் வெளியேற்றம் குறையாமல் இப்படியே தொடர்ந்தால், 2100 வாக்கில் உலகக் கடல்களின் சராசரி வந்து நிற்கும் என்று கணிக்கப்படும் அளவு இது. இங்கே பவளங்கள் இல்லை. ரோஸ் பாசி திட்டுத் திட்டாகக் குறைந்துபோகிறது. முள்ளெலிகளைத் தேட வேண்டியிருக்கிறது. இன்றைய கடலில் பார்க்கும் உயிரினங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்த இடத்தில் காணவில்லை.

இன்னும் நெருங்கினால் குமிழிகள் திரைபோல எழும்பும். ஓடுள்ள நத்தைகளின் முதுகு வெளுத்து, அரித்து, சிலவற்றில் ஓட்டையே விழுந்திருக்கும். கொட்டலசுகளும் இல்லை. மிச்சமிருப்பது பெரும்பாலும் பாசிகள்.

மொத்தம் சில நூறு மீட்டர் தூரம். பத்து, பதினைந்து நிமிட நீச்சல். அமெரிக்கப் பத்திரிகையாளர் எலிசபெத் கோல்பர்ட் இங்கே குளிர்காலத்தில் நீந்திப் பார்த்துவிட்டு, புலிட்சர் பரிசு வென்ற 'தி சிக்ஸ்த் எக்ஸ்டிங்ஷன்' நூலில் இந்தக் கோட்டைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

பசுமையாகத்தான் இருக்கிறது

முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். குமிழிப் பகுதி பாலைவனம் போல இருக்காது. பச்சைப் பசேலென்று இருக்கும். 'பொசிடோனியா' என்ற மத்தியதரைக் கடற்புல் இங்கே செழித்து வளர்கிறது. செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு உணவு அல்லவா? சாதாரணக் கடலில் இந்தப் புல்லின் இலைகள்மேல் சுண்ணாம்புப் பாசி வெள்ளையாகப் படிந்திருக்கும். குமிழிகளுக்கு அருகில் அந்தப் படிவு இல்லை. இலைகள் துடைத்துவைத்ததுபோலப் பளபளக்கின்றன. கீழே புல்வெளி, நடுவே வெள்ளிக் குமிழிகள், மேலே வெயில். சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் புகைப்படங்களில் மிக அழகாக வருவது இந்த இடம்தான்.

இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவது இதனால்தான். எண்ணெய் கொட்டினால் கடல் கறுக்கும். பிளாஸ்டிக் மிதந்தால் தெரியும். இங்கே இல்லாமல்போனது என்ன என்று தெரிய, முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்டி க்ரோக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் இத்தாலியச் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பாறையில் சிறு கட்டங்களைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு, மறுபடி அங்கே யார் குடியேறுகிறார்கள் என்று கவனித்தார்கள். சாதாரணக் கடலில் கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு உயிர்கள் வந்து இடம் பிடித்தன. அமிலப் பகுதியில் எல்லாக் கட்டங்களும் கடைசியில் ஒரே மாதிரி பாசிகளால் மூடப்பட்டன. பல கடைகள் இருந்த தெருவில் ஒரே சரக்கை விற்கும் கடைகள் மட்டும் மிஞ்சியதுபோல.

எல்லா உயிர்களும் கையைக் கட்டிக்கொண்டு சாவதில்லை என்பதும் இங்கேதான் தெரிந்தது. அமிலத்தில் ஓட்டின் வெளிப்பக்கம் அரிக்கப்படும் ஓட்டு நத்தைகள், உள்பக்கத்தில் ஓட்டைத் தடிமனாக்கிக்கொள்கின்றன. வெளிச்சுவர் இடிய இடிய உள்ளே இன்னொரு சுவர் எழுப்புவதுபோல. சில கடல் புழுக்கள் இந்தத் தண்ணீருக்கே பழகிக்கொண்டு தலைமுறைகளாக வாழ்கின்றன.

பவளங்களையும் மட்டிகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து குமிழிப் பகுதியில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஓட்டை மூடியிருக்கும் சதை, ஓரளவுக்கு அமிலத்தைத் தடுத்தது. சில உயிர்கள் சமாளித்தன. ஆனால், கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடானபோது அந்தச் சமாளிப்பு குலைந்து, இறப்பு கூடியது. 2011-ல் வெளிவந்த இந்த முடிவு முக்கியமானது. ஏனென்றால், நிஜக் கடலில் அமிலமும் சூடும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒரே வாயு.

பக்கத்து வீடு இருக்கும்வரை

இஸ்கியா எதிர்காலத்தின் அச்சு அசல் நகல் அல்ல. குமிழிகளின் வேகம் மாறினால், காற்றும் அலையும் திசை மாறினால், தண்ணீரின் அமிலத் தன்மையும் ஏறி இறங்குகிறது. மீன்கள் வருகின்றன, கொஞ்ச நேரம் மேய்கின்றன, போய்விடுகின்றன. இந்த வித்தியாசங்களை விஞ்ஞானிகளே எடுத்துச் சொல்கிறார்கள்.

அதில் ஒரு வித்தியாசம் மட்டும் கவலையைக் கூட்டுவது. குமிழிப் பகுதியில் இன்று தென்படும் உயிர்களில் பலவும் அங்கேயே பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி நல்ல கடல் இருக்கிறது. அங்கே பிறக்கும் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து இங்கே ஒட்டிக்கொள்கின்றன. செத்தாலும் அடுத்த பருவத்தில் புதிதாக வருகின்றன. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருப்பதால் அடுப்பு எரியாதது தெரியாமல் இருப்பதுபோல. உலகக் கடல் முழுவதுமே 7.8 ஆகிவிட்டால், குஞ்சுகளை அனுப்ப அந்தப் பக்கத்து வீடு இருக்காது. அப்படிப் பார்த்தால், இஸ்கியா காட்டுவது மோசமான எதிர்காலத்தை அல்ல. கொஞ்சம் சலுகையோடு கூடிய எதிர்காலத்தை.

சலவை சோடா போட்டு வளர்ந்த சிப்பிகள்

இதெல்லாம் 2100-க்கான கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இது எப்போதோ வந்துவிட்டது. ஆரெகன் மாநிலத்தின் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் 'விஸ்கி க்ரீக்' என்றொரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. அந்தக் கரையோரத்துச் சிப்பி வளர்ப்பாளர்கள் பலர் இங்கிருந்துதான் குஞ்சுகளை வாங்குகிறார்கள். 2007, 2008-ம் ஆண்டுகளில் இங்கே சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் ஒரு பாக்டீரியாவைச் சந்தேகப்பட்டார்கள். அதைச் சரிசெய்தும் சாவு நிற்கவில்லை.

ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ந்தபோதுதான், தொட்டிக்குள் வரும் கடல் நீரே பிரச்னை என்று தெரிந்தது. கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது, ஆழத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு நிறைந்த குளிர்ந்த நீர் கரைக்கு மேலேறி வரும். அது இயற்கைதான். அதன்மேல் மனிதர்கள் சேர்த்த கார்பனும் சேர்ந்தபோது, சிப்பிக் குஞ்சுகளால் முதல் ஓட்டைக் கட்டவே முடியவில்லை. பிறந்த ஓரிரு நாளில் கட்ட வேண்டிய ஓடு அது. முட்டையில் கிடைத்த சத்து தீர்வதற்குள் கட்டி முடிக்காவிட்டால் மரணம்தான்.

தீர்வு எளிமையாக இருந்தது. தண்ணீரைத் தொடர்ந்து அளந்து, அமிலம் கூடும்போதெல்லாம் சோடியம் கார்பனேட் கலந்தார்கள். நம் ஊர் மளிகைக் கடைகளில் சலவை சோடா என்று கிடைக்கும் அதே பொருள். குஞ்சுகள் பிழைத்தன, தொழிலும் பிழைத்தது. ஆனால், அது தொட்டிக்குள் நடந்த வைத்தியம். கடலுக்குள் இருக்கும் சிப்பிகளுக்கு யார் சோடா கலப்பது?

இங்கேயும் ஒரு சுண்ணாம்புக் கதை

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், நிறைய. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருக்கும் தீவுகள் பவளத்தின்மேல் நிற்பவை. 21 தீவுகளைக் கொண்ட இந்தப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆனது. கோயிலில் ஊதும் சங்கும், வங்காளத்துப் பெண்கள் திருமணத்தின்போது அணியும் சங்கு வளையலுக்கான சங்கும் இந்தக் கடலில் மூழ்கி எடுக்கப்படுபவை. பாண்டியர் காலத்து முத்து விளைந்த சிப்பியும் இங்கேதான். பவளம், சங்கு, முத்து மூன்றுமே கால்சியம் கார்பனேட்.

சுண்ணாம்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இந்தக் கடல் ஏற்கெனவே ஒருமுறை காட்டிவிட்டது. சுண்ணாம்புக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல்போக, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. அங்கே பாறையை எடுத்தது கடப்பாரை. அமிலம் அதே வேலையைச் சத்தமில்லாமல், மெதுவாகச் செய்யும். பவளம் வளரும் வேகத்தைவிடக் கரையும் வேகம் கூடினால் போதும்.

இதற்கு மருந்து என்னவென்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. கார்பன் வெளியேற்றம் குறைய வேண்டும். கடற்புல் படுகைகளைக் காப்பாற்றினால், பகல் நேரத்தில் அவை சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கொடுக்கும். கழிவுநீர் கடலில் கலப்பதைக் குறைத்தால், ஏற்கெனவே திணறும் உயிர்களுக்குச் சுமை குறையும். இவை கைக்கு எட்டும் காரியங்கள். ஆனால், முதலாவதைச் செய்யாமல் மற்றவற்றை மட்டும் செய்து பயனில்லை.

இஸ்கியா போகிறவர்களுக்கு...

நீந்த ஏற்ற காலம் மே முதல் அக்டோபர் வரை. ஜூலை 26-ம் தேதி புனித அன்னாள் திருவிழா. அன்றிரவு கோட்டையடிக் கடலில் அலங்கார மிதவைகள் ஊர்வலம் வரும். கடைசியில் கோட்டையே தீப்பற்றி எரிவதுபோல விளக்கும் வாணவேடிக்கையும் நடக்கும்.

கோட்டைக்குத் தெற்கே இருக்கும் கார்த்தரோமானா விரிகுடாவில், கடலுக்குள் மூழ்கிய ஏனாரியா என்ற ரோமானியக் குடியிருப்பின் மிச்சங்கள் உள்ளன. நீந்தத் தெரியாதவர்கள் கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் போய்ப் பார்க்கலாம். அதே விரிகுடாவில் பாறைகளுக்கு நடுவே வெந்நீர் ஊற்றுகளும் உண்டு.

இஸ்கியாவைச் சுற்றியுள்ள கடல், 'நெப்டியூனின் ராஜ்ஜியம்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதி. எங்கே படகு நிறுத்தலாம், எங்கே மூழ்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், உள்ளூர் வழிகாட்டி அல்லது டைவிங் மையத்திடம் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. பாறைகளுக்கு நடுவே பாசிப் பரப்பில் சதுரமாக ஏதேனும் தட்டு பொருத்தியிருந்தால் தொட வேண்டாம்; ஏதோ ஒரு சோதனை அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரையில் அரித்துப்போன நத்தை ஓடு கண்ணில் பட்டால், ஞாபகத்துக்கு எடுத்து வராமல் அங்கேயே விட்டுவிடுங்கள். கரைந்து கடலுக்கே திரும்பப்போகும் சுண்ணாம்பு அது.